அறுபதிலேயே ஓடிய திரை

கடைப் பெண் பெட்டியைத் திறந்து, புது மானிட்டரின் மெல்லிய உறையை உரித்தாள். அப்போது எழுந்த பிளாஸ்டிக் வாடை, புக்கிட் பிந்தாங்கில் நின்றிருந்த என்னைக் கிள்ளானில் உன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டது. நான்கு வருடங்களுக்கு முன் நாம் இருவரும் இப்படித்தான் ஓர் உறையை உரித்தோம். நீ முகர்ந்து பார்த்துவிட்டு, "புது லோரி வாசம்லா, ஆபீஸர்!" என்றாய்.

நான் ஒருநாளும் ஆபீஸராக இருந்ததில்லை. நீ லோரி ஓட்டிய கம்பெனியில், எந்த வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்த கிராணி. அவ்வளவுதான்.

ஓட்டுவதற்கு உன் பார்வை போதாது என்று டாக்டர் சொன்னதும் லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தாய். பிறகு உன் மருமகன் கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டைக் காட்டினார். மேசையில் ஸ்டீயரிங்கைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தாய். பழைய திரையில் சாலை வெட்டி வெட்டி நகர்கிறது, கண் வலிக்கிறது என்றாய். நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டாய்.

மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். பதினொரு மானிட்டர்களை அட்டவணை போட்டேன். "பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்ளோ யோசிக்கலையே" என்று சிரித்தாய். பழைய திரை ஒரு நொடிக்கு அறுபது முறை படத்தை மாற்றும், இது நூற்று நாற்பத்து நான்கு முறை மாற்றும், சாலை வழுக்கிக்கொண்டு ஓடும் என்று விளக்கினேன். மாட்டிக் கொடுத்த அன்று நீ அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, "புதுசா போட்ட ஹைவே மாதிரி இருக்குடா" என்றாய். அன்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

இப்போது உன் மகள் மாலதி கேட்டிருக்கிறாள். நீ போன பிறகும் உன் மேசையைக் கலைக்க அவளுக்கு மனமில்லை. கூடத்துக்கு வேறொரு மானிட்டர் வேண்டுமாம். பகலில் அவள் ஆபீஸ் வேலைக்கு, மாலையில் மருமகன் விளையாட்டுக்கு, அதன் பிறகு உன் மனைவி படம் பார்க்க. "அப்பாவுக்குப் பாத்த மாதிரியே பாத்துக் குடுங்க அங்கிள்."

கடையில் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "அங்கிள், மாட்டுனா மட்டும் பத்தாது. செட்டிங்ல போய் நம்பரை மாத்தணும். மாத்தலைன்னா எவ்ளோ ஸ்பீடு ஸ்கிரீனா இருந்தாலும் அறுபதுலயேதான் ஓடும். நெறைய பேரு மறந்துடுவாங்க."

நான் மறக்கவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கிள்ளான் ரயிலில் ஏறினேன். உட்கார முடியவில்லை. தினமும் இரண்டு மணி நேரம், சாகும் வரை ஓட்டினாய். வருடக்கணக்கைப் பெருக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். பந்திங் நினைவு வேறு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை பாலம் மூடியிருப்பது தெரியாமல் உன்னைப் பந்திங் பாதையில் அனுப்பினேன். நீ மூன்று மணி நேரம் தாமதமாக வந்து, என் கண்ணெதிரே முதலாளியிடம், "டயர் பஞ்சர், பாஸ்" என்றாய். திட்டு முழுவதும் உனக்கே. பிறகு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தபோது, "நீ எழுதுனா நான் ஓட்டுவேன்" என்று மட்டும் சொன்னாய்.

உன் மேசையில் உட்கார்ந்து செட்டிங்கைத் திறந்தேன். அறுபது.

மாலதியிடம் சொன்னேன். அவள் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அது அப்பாவுக்குத் தெரியும் அங்கிள். மொத மாசமே எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்சாரு. மாத்தித் தரேன்னாரு. அப்பாதான் கைய வைக்காதேன்னு சொல்லிட்டாங்க."

"ஏம்மா?"

"மாத்துனா, ஆபீஸர் வந்து பாக்கறப்போ தன் தப்பைக் கண்டுபிடிச்சிருவான், ஆறு மாசம் தூங்க மாட்டான்னாங்க. ஏன்ப்பா உங்களுக்குக் கண்ணு வலிக்குமேன்னேன். நான் ஓட்டாத ரோடான்னாங்க."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் தூக்கத்துக்காக உன் சாலையை விட்டுக்கொடுக்க உன்னை யார் கேட்டது? ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் மாற்றியிருப்பேனே. பிறகு, அந்தச் சொல்லைச் சொல்ல முடியாத ஆளாக நான்தானே இருந்திருக்கிறேன் என்று தோன்றியது. கோபம் போய்விட்டது. ஆனால் அமைதி வரவில்லை.

நூற்று நாற்பத்து நான்குக்கு மாற்றினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். வாழ்நாளில் வண்டி ஓட்டியறியாதவன், பத்து மீட்டர் போய் வேலியில் இடித்தேன். வித்தியாசம் தெரியாமல் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். தெரிந்தது. ஓரத்துக் கம்பங்கள் துள்ளாமல் கடந்து போயின.

மாலதி காத்திருந்தாள். என் நோட்டில் மூன்று பெயர்கள். ஒன்று விளையாட்டுக்கு மிக வேகமானது, எழுத்து மங்கல். இன்னொன்றில் எழுத்து ஊசி முனை போல, ஆனால் வேகம் இல்லை. மூன்றாவது இரண்டிலும் நடுத்தரம். ஆனால் பக்கவாட்டு நாற்காலியிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. உன் மனைவி உட்காருவது அங்கேதான். இன்னொரு வாரம் அவகாசம் கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

மூன்றாவதைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே "செட்டிங்" என்று எழுதினேன்.

"நான்தான் வந்து மாட்டுவேன். ஆனா தப்பா இருந்தா சொல்லிடும்மா. அப்பா மாதிரி மறைக்காதே."

"சொல்றேன் அங்கிள். சொன்னா தூங்குவீங்களா?"

"மாட்டேன்," என்றேன். "ஆனாலும் சொல்லிடு."