வீதி இல்லாத வீட்டுக்கு ஒரு கேக்

என் பாசமுள்ள அம்மாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம். லேப்டாப் திரையில், 'வீட்டு இலக்கம், வீதி' என்று கேட்ட கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாவிட்டால் ஓடர் போகாதாம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ கண்ணை மூடிய பிறகு அக்கா பெரகல சந்தியில் ஒரு கடையறை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், நம் ஒற்றை அறைக் காம்பராவில் நீ கேக் சுட்ட அதே அடுப்பு இப்போது அந்த அறையின் பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கம் அக்கா ஆட்களோடு பேசுகிறாள், பின்பக்கம் நான் முட்டை அடிக்கிறேன். நீ இருந்தபோதும் நாம் இரண்டு பேரும் அதிகம் பேசியதில்லை. ஆனால் இரண்டு பேர் பேசாமல் இருப்பதும் ஒருத்தி பேசாமல் இருப்பதும் ஒன்றா அம்மா?

கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்றாள் அக்கா. கொழும்பிலும் துபாயிலும் வேலை செய்கிறவர்கள், தோட்டத்தில் இருக்கும் தங்கள் அம்மாவுக்குப் பிறந்தநாள் கேக் அனுப்பலாமே என்று யோசித்திருக்கிறாள். நல்ல யோசனைதான். வெப்சைட்டைச் செய்துதர பண்டாரவளையிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். படம் எங்கே, என்ன நிறம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தேநீர் கொண்டுபோனபோதுதான் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தேன்.

மிஸ்ஸும் அந்தக் கட்டத்துக்கே வந்தார். "லயத்துக்குப் போற ரோட்டுக்குப் பேரு இல்லையா?"

"பேரு வச்சிரலாம் மிஸ். ரோடுதான் இல்ல," என்றாள் அக்கா.

இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்காவே வழி சொன்னாள். "தோட்டத்து ஆபீஸ் விலாசத்தப் போட்டாச் சரி. எங்க எல்லாருக்கும் கடிதம் அங்கதானே வருது."

கிளினிக்குக்கு வரச்சொல்லி உனக்கு வந்த கடிதமும் அந்த ஆபீசுக்குத்தான் வந்தது. மற்றக் கடிதங்களுக்கு அடியில் கிடந்து நம் கைக்குக் கிடைத்தபோது, சொன்ன நாள் போய் இரண்டு கிழமை ஆகியிருந்தது. அடுத்த தடவை போகலாம் என்றாய். அடுத்த தடவை வருவதற்குள் உன்னால் எழுந்து நடக்க முடியவில்லை. அன்றைக்கே போயிருந்தால்? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. அக்காவிடம்கூட.

நீ கேக் கொண்டுபோகும்போது விலாசமா கேட்டாய்? மேல் டிவிஷன், கோயிலுக்குக் கீழ் லயம், தண்ணிப் பைப்பிலிருந்து மூன்றாவது காம்பரா என்று கொப்பியில் எழுதிக்கொள்வாய். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவேன். ஒரு கேக்கும் வீடு மாறிப் போனதில்லை.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், கம்ப்யூட்டர் படித்தவரிடம் என்ன சொல்வது? தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஆபீசுக்குப் போட வேணாம். அம்மாவோட கடிதமும் அங்கதான் கெடந்திச்சு."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளா, இவ்வளவு நாளும்?

மிஸ்தான் மெதுவாகக் கேட்டார். "அப்ப இந்தக் கட்டத்துல என்ன கேக்கணும்? நீங்களே சொல்லுங்க தங்கச்சி."

உனக்கு ஒன்று சொல்கிறேன் அம்மா. நம் கடைக் கேக் எதுவும் ஆபீசில் கிடக்காது. வீடு தெரியாவிட்டால் போனை நானே எடுத்து, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். குரல் நடுங்கினாலும் கேட்பேன்.

அன்று மிஸ் அப்படிக் கேட்டதும் பின்பக்கம் போய், நீ வழி எழுதிவைத்த கொப்பியை எடுத்துவந்து, மிஸ்ஸுக்கு முன்னால் விரித்து வைத்தேன்.

உன் பின்னால் கேக் பெட்டியோடு வந்த
சின்ன மகள்