மகராசியைத் தொட்டியில் விட்டது

செப். 6, சனி

காலையிலிருந்து தூறல். ஹனூரிலிருந்து முதல் பஸ்ஸில் திரும்பினேன். கல்யாணச் சாப்பாடு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. துணி துவைக்கணும். தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கணும்.

தொட்டியில் எட்டு இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஏழு.

கூட வாடகைக்கு இருக்கும் செந்தில் தன் சிலந்தியைக் கொண்டுவந்து உள்ளே விட்டிருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இரண்டு நாள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். கேட்டால் சிரிப்பு.

"ஒத்தையில கெடக்குதுடா, பாவம். எல்லாம் ஒரே தாயி முட்டை. அக்கா தங்கச்சிகளெ என்ன பண்ணிப்போடும்?"

அக்கா தங்கச்சியாம். இவை நீலக்கால் டரான்டுலா. சிலந்திகளில் கூட்டாக வாழச் சம்மதிக்கிற அபூர்வமான ஜாதி. அதுவும் குஞ்சிலிருந்து சேர்ந்தே வளர்ந்தால்தான். இருவரும் சேர்ந்து குஞ்சுகளாக வாங்கினோம். என் ஏழும் ஒரே தொட்டியில் வளர்ந்தவை. ஒரு பூச்சியை மூன்று சேர்ந்து தின்னும், சண்டையே கிடையாது. இவன் ஒன்றை மட்டும் தன் அறையில் தனி டப்பாவில் வைத்து, ஊட்டி ஊட்டி, மகராசி என்று பெயரும் வைத்தான். என்னுடையதில் பெரியதைவிட ஒன்றரை மடங்கு. தனியாக வளர்ந்ததற்கு உறவு எங்கே தெரியும்?

எடுக்கவும் வழியில்லை. வலைக்குள் புகுந்துவிட்டது. வருடக்கணக்கில் கட்டிய வலை. கை வைத்தால் எல்லாம் நாசம்.

இனி அவனோடு அவசியத்துக்கு மட்டும் பேச்சு.

செப். 7, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

வாங்க வேண்டியவை: தேங்காய் நார்த்தூள். பூச்சி, நிறைய. ஷேவிங் பிளேடு. டூத்பேஸ்ட் (என் அறையில் வைக்க. அவன் தனக்கு வாங்கிக்கொள்ளட்டும்).

குக்கரில் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி. "எனக்கு?" என்றான். "மகராசிகிட்டக் கேளு" என்றேன். ஓட்டலுக்குப் போனான். திருப்தி.

பூச்சிக்காரரிடம் இரண்டு டப்பா உயிருள்ள கிரிக்கெட் பூச்சி வாங்கி மொத்தமாகக் கொட்டினேன். வழக்கமாகப் போடுவதைப்போல நாலு மடங்கு. வயிறு நிறைந்திருந்தால் பக்கத்தில் இருப்பதைத் தின்னாது. அவன் செய்த முட்டாள்தனத்துக்கு நான் தீனி போட வேண்டியிருக்கிறது.

செப். 9, செவ்வாய்

தசரா யானை ஒத்திகை, ரோடு அடைப்பு. கண்ணாடிக் கடைக்கு லேட். முதலாளி முறைத்தார். ஒரு அம்மா, பழைய பிரேமில் புது லென்ஸ் போடச் சொல்லி ஒரு மணி நேரம் உயிரை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளேயிருந்து செந்திலின் கூச்சல். "டேய், ஓடியா! ரெண்டும் சேந்து திங்குது பாரு!"

வாசலில் நின்றபடியே பார்த்தேன். உண்மைதான். மரப்பட்டைக்கு அடியில் மகராசியும் என்னுடையதில் ஒன்றும், ஒரே பூச்சியில் வாய் வைத்துக்கொண்டு.

"வயிறு நெறஞ்சிருக்கு, அதான்" என்றேன்.

"ஒத்துக்கவே மாட்டியாடா நீயி?"

மாட்டேன். ஏதாவது ஒன்று செத்தால்தான் இவனுக்குப் புத்தி வரும் என்று தோன்றியது. என் ஏழில் ஒன்று. அப்படித்தான் நினைத்தேன். எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

செப். 11, வியாழன்

மறுபடி மழை. கரண்ட் இல்லை.

மொண்டி இரையைத் தொடவில்லை. சின்னதில் ஒரு கால் போய், திரும்ப முளைத்தது குட்டையாகவே நின்றுவிட்டது. அதனால் மொண்டி. நான் பெயர் வைத்தது அது ஒன்றுக்குத்தான். எனக்கு ஏழில் அதுதான் ஒசத்தி.

அவன் நின்று பார்த்துவிட்டு, "மொண்டி பொந்து வாயெ வலையில மூடிக்கிச்சுடா. சட்டெ உரிக்கப் போவுதோ என்னமோ" என்றான்.

"பயந்து ஒளிஞ்சிருக்கு. உன்ற மகராசி பண்ணுன வேலை."

எனக்கே பாடம் எடுக்கிறான். சாயந்திரம் இன்னொரு டப்பா கொட்டினேன். தொட்டி முழுக்க பூச்சி நடமாட்டம்.

செப். 14, ஞாயிறு

நடந்துவிட்டது.

மகராசி உட்காரும் பொந்து வாசலில் ஒரு கால். குட்டைக் கால். இடுக்கியால் எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு, தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி மூக்குக்கு நேராக நீட்டினேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவன். கொஞ்ச நேரம் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கா தங்கச்சியாடா? அக்கா தங்கச்சியா?"

அதற்குப் பிறகு நான் பேசியதை எல்லாம் எழுத வேண்டாம். அவன் அப்பாவையும் இழுத்தேன். கீழேயிருந்து ஓனரம்மா கன்னடத்தில், "ஏனப்பா அது கலாட்டே? சும்னே இரக்காகல்வா?" சும்மா இருக்க முடியாதா என்று அதட்டல்.

அவன் எழுந்து வந்தான். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வலையைக் கிழித்து, மகராசியை ஓட்டி ஓட்டி டப்பாவில் பிடித்தான். "பொழுதுக்குள்ள ரெண்டும் இங்கிருந்து போயிரோணும்" என்றேன். போய்விட்டான். ஹெப்பாளில் அவன் பேக்டரிக்காரன் ஒருவனின் அறைக்கு.

நான் சொன்னதுதான் நடந்தது. அன்றைக்கே சொன்னேன்.

செப். 16, செவ்வாய்

வீடு அமைதி. உப்பு டப்பா வைத்த இடத்தில் இருக்கிறது. பாத்ரூமுக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வருடம் எப்படித்தான் சகித்தேனோ.

சாம்பார் மிஞ்சிவிட்டது. கொட்டினேன்.

செப். 18, வியாழன்

லீவு போட்டேன். கிழிந்த வலை காய்ந்து, தொட்டி நாற ஆரம்பித்தது. தொட்டியைக் காலி செய்து மண் மாற்றலாம் என்று மற்ற ஆறையும் டப்பாவுக்கு மாற்றினேன். பட்டையைத் தூக்கினேன்.

மொண்டியின் பொந்து. மூடிய வலையில் ஒரு ஓட்டை. உள்ளே அது உரித்துப் போட்ட சட்டை, பக்கத்திலேயே மொண்டி. முழுசாக. எட்டுக் காலும் இருக்கிறது. வயிற்றில் மட்டும் பெரிய குழி, ஓரமெல்லாம் கொறித்தது. கொழுத்த பூச்சிகள் இரண்டு இன்னும் அங்கேயே.

சிலந்தி தின்றால் இப்படி இருக்காது. மென்று கசக்கி ஒரு உருண்டையாகத் துப்பும். சட்டை உரித்த டரான்டுலா சில நாளைக்குப் பஞ்சு மாதிரி. பல்கூட மெத்தென்று இருக்கும், எதையும் தடுக்க முடியாது. அந்தச் சமயம் உள்ளே ஒரு பூச்சிகூட விடக்கூடாது, இரையே அதைக் கொறித்துவிடும். வளர்க்க ஆரம்பிக்கிற எவனும் முதலில் கற்றுக்கொள்வது இது. நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தீப்பெட்டியைத் திறந்தேன். கடையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி பையில்தான் இருந்தது. கால் உள்ளே ஒன்றுமில்லை. வெறும் கூடு. உரித்த சட்டையின் கால், பூச்சிகள் இழுத்து வந்து போட்டது. விரலால் தொட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

அவன் மகராசியை உள்ளே விட்டிருக்காவிட்டால் நான் பூச்சி கொட்டியிருக்க மாட்டேன். ஆக, தப்பு அவனுடையது. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் எனக்கே ஒட்டவில்லை.

சாப்பிடவில்லை.

செப். 21, ஞாயிறு

வெயில். நாளை தசரா ஆரம்பம், ரோடெல்லாம் சீரியல் பல்ப்.

பத்து மணிக்குச் செந்தில் வந்தான். அவன் டேபிள் ஃபேனை எடுக்க. உள்ளே வரட்டுமா என்று கேட்டு வந்தான், இந்த வீட்டில். இளைத்திருந்தான். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நீ சொன்னதுதான்டா செரி. உன்னெக் கேக்காம விட்டது என்ற தப்பு. மொண்டி மேல உனக்கு எத்தனை உசுருன்னு எனக்குத் தெரியாதா? மகராசி மூஞ்சியெப் பாக்கவே புடிக்கலடா எனக்கு. அதெ பெங்களூர்க்காரன் ஒருத்தனுக்குக் குடுத்துப்போட்டேன்."

"விடு. ஆனது ஆச்சு" என்றேன்.

"உனக்குப் பெரிய மனசுடா" என்றான். கண் கலங்கியிருந்தது. தோளில் கை போட்டுக் கீழே கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.