எங்க ஊர், உங்க ஊர்

ஏப்ரல் 14

கடைக்கு இரண்டு பயணிகள் வந்தார்கள். கால் கிலோ புஜியா சேவு வாங்கிக்கொண்டு, ஜெய்சல்மேர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். வீட்டில் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"உங்க ஊருக்கு வர்றவங்களே ஒரு ராத்திரிக்கு மேல தாங்க மாட்டேங்கறாங்க. என்னை ஆயுசு முழுக்க இருக்கச் சொல்றீங்க" என்றாள் பல்லவி.

கல்யாணமாகி இன்னும் வருஷம் ஆகவில்லை. பிகானேர் "உங்க ஊர்". உதய்பூர்தான் "எங்க ஊர்". அங்கே அவள் அப்பா எனக்கு ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறார். அட்சய திருதியைக்குள் பதில் சொல்ல வேண்டும். முடிவைப் பெரிய மனதோடு அவளிடமே விட்டுவிட்டேன். விட்டதிலிருந்து தூக்கமில்லை. அந்த ஊர் ஏரிக்காற்றில் என் புஜியா நமுத்துப் போகும் — அது அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 20

கஜ்னேர் ஏரிக்கு அழைத்துப் போனேன். உதய்பூர்க்காரிக்கு ஏரி காட்டப் போன என் புத்தியை என்ன சொல்ல?

"இதுவா ஏரி? எங்க ஊர்ல இந்த மாதிரி குட்டையில எருமையைத்தான் குளிப்பாட்டுவாங்க."

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 23

கோட்டை காட்டினேன். கொட்டாவி விட்டாள்.

ஏப்ரல் 27

தேஷ்நோக் எலிக் கோயில். காலில் எலி ஏறினால் நல்ல சகுனம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். ஒரு எலி அவள் பாதத்தின் மேலேயே ஏறி ஓடியது. போச்சு, இன்னைக்கே பெட்டியைக் கட்டிடுவா என்று நினைத்தேன். அசையாமல் நின்றாள்.

"நல்ல சகுனம்னீங்களே — எனக்கா, எலிக்கா?"

வரும் வழியில் ஒரு மணல்மேட்டில் உட்கார்ந்தோம். பொழுது சாய்ந்ததும் மணல் சில்லென்று ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் புதைத்துக்கொண்டாள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. நானும் எதையும் காட்டவில்லை.

மே 3

புழுதிப்புயல். பகலிலேயே விளக்குப் போட்டோம். மாவு டப்பாவுக்குள்கூட மணல். இருவருமாகப் பெருக்கினோம்.

"உங்க ஊர் வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு" என்றாள்.

மறுபடியும் உங்க ஊர்.

மே 7

மாமனார் போன் செய்தார். "என்ன முடிவு பண்ணீங்க மாப்பிள்ளை?" அவளையே கேளுங்கள் என்றேன். அவள் போகலாம் என்றால் கடாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேனா? போவேன்தான். அவ இல்லாத வீட்ல நான் மட்டும் என்ன பண்றது?

மே 10

அட்சய திருதியை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் எங்களுக்கு இன்றுதான் பட்டம் விடும் நாள். ஊரே மொட்டைமாடியில். கம்புக் கிச்சடி, புளிப் பானகம். பல்லவி நூல்கண்டைப் பிடிப்பாள் என்று பார்த்தால், தனிப் பட்டம் கேட்டு வாங்கி, முதல் வேலையாக என் பட்டத்தை அறுத்தாள்.

பானகம் எடுக்கக் கீழே இறங்கினேன். திரும்பி ஏறும்போது அவள் குரல் கேட்டது. அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா, நாங்க வரலை. அப்பாகிட்ட சொல்லிடு. உங்க ஊர்ல ஏரி இருக்கு, சரி. எங்க ஊர்ல இன்னைக்கு வானமே தெரியலை, அவ்வளவு பட்டம்."

டம்ளரோடு படியிலேயே நின்றுவிட்டேன். அப்பாடா. கண் கலங்கிவிட்டது. எப்போது மாறினாள்? மணல்மேட்டிலா, பெருக்கும்போதா? தெரியவில்லை.

ஆனால் பெற்றவளிடம் போய் "உங்க ஊர்" என்கிறாளே. அந்தப் பக்கம் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

நாளைக்கு நானே மாமியாருக்குப் போன் செய்து, இங்கே வந்து ஒரு மாதம் இருக்கச் சொல்ல வேண்டும். கஜ்னேர் ஏரிக்கு மட்டும் அழைத்துப் போகக் கூடாது.