நல்ல நேரத்தில் ஓடவிட்ட மிசின்

என் உயிருக்கு உயிரான மேரி மதினிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் மிளகாய் நெடி இருக்காது, தும்மல் இருக்காது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன் என்று உங்கள் மகள் ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "பிழைய மட்டும் திருத்துத்தா, சொன்னத மாத்திராத" என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் மாதம் நம் கோயில் பங்கு இதழில் இறந்தவர்களுக்காக இரண்டு பக்கம் விடுவார்களே, அதில் இதைப் போடுகிறேன் என்று சாமியார் சொன்னார். அதனால் ஊரும் படிக்கும். படிக்கட்டும்.

நேற்று கல்லறைத் திருநாள். அண்ணன் காலையிலேயே போய்ப் புல்லைச் செதுக்கி, உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். சாயங்காலம் நாங்கள் மெழுகுவர்த்தியோடு போனால், அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய ரோஜா மாலை கிடந்தது. மில்லிலிருந்து வந்த மாலை. அதை எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் அண்ணன் நின்றார். கடைசியில் அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, நம் வீட்டுச் சாமந்தியை நடுவில் வைத்தார். எறியவில்லை. எறிந்திருக்க வேண்டுமா மதினி?

நம்மைத் தெரியாதவர்களுக்கும் இது புரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். நீங்கள் என் அண்ணன் மனைவி. நான் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்தபோது, "நாத்தனாக்காரி வந்துட்டா, இனி எனக்குப் பாதி சண்டை வீட்டுலயே கெடைச்சிரும்" என்று சிரித்துக்கொண்டே என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவர். கோவிலூர் ரோட்டில் இருக்கும் மசாலாப் பொடி மில்லில் உங்களோடு என்னையும் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். போன வருச ஆயுத பூஜை அன்று அந்த மில்லில், என் கண் முன்னால் நீங்கள் போனீர்கள்.

உங்கள் சாவுக்காக நடக்கிற வழக்கில் மில்லு வக்கீல் கோர்ட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அஜாக்கிரதை. இறந்துபோன பெண்ணின் அஜாக்கிரதையால்தான் விபத்து நடந்தது என்று. மிசின் வேலைக்கான கோட்டு போடாமல் சேலையோடு வந்தாராம், தேவையில்லாமல் மிசின் பக்கத்தில் போய் நின்றாராம்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நீங்களா அஜாக்கிரதை? பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டு, கேஸை அணைத்தோமா என்று திரும்ப வீட்டுக்கு ஓடுகிற ஆளா?

"மதினி, நீங்க அமத்துனத நான் பாத்தேன். வாங்க, பஸ்ஸு போயிரும்" என்பேன்.

"நீ பாத்தது நேத்து அமத்துனதா இருக்கும். பஸ்ஸு அடுத்தது வரும், வீடு அடுத்தது வருமா?" என்று சொல்லிக்கொண்டே போவீர்கள். அந்த ஒரு காரியத்தால் எத்தனை நாள் மேனேஜரிடம் ஏச்சு வாங்கினோம்! மில்லுக்குள் ஒருத்தியும் தலைமுடியைத் தொங்கவிடக் கூடாது, முந்தானையை இடுப்பில் செருகாமல் நிற்கக் கூடாது. "மிசினுக்குக் கண்ணு கெடையாதுடி, கைதான் உண்டு" என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகளை அதட்டுவீர்கள்.

கோட்டு கதை உங்களுக்குத் தெரியாததா? அது மேனேஜர் ரூம் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆபீஸர் யாராவது பார்வையிட வருகிறார் என்றால் வெளியே வரும். அவர் ஜீப் கிளம்பியதும் திரும்ப உள்ளே போகும்.

அந்த நாளுக்கு வருகிறேன். ஒவ்வொரு வருசமும் போலத்தான் இருந்தது. முந்தின நாள் மிசினை நிறுத்தி, பெல்ட்டு மேல் மூடியிருக்கிற இரும்புக் கூட்டைக் கழற்றிப் போட்டார்கள். நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். பெயிண்ட் அடித்துச் சுவரோரமாகக் காய வைத்தார்கள். மறுநாள் காலையில் அதற்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தது நீங்கள். "இன்னைக்கு இந்தக் கூட்டுக்குப் புதுநன்மை, பாரு எம்புட்டு அழகா இருக்கு" என்று, கோயிலில் முதல்தடவை நற்கருணை வாங்குகிற பிள்ளையைச் சொல்வது போல என்னிடம் சொன்னீர்கள். நம் வீட்டுச் சாமி வேறு, மில்லுச் சாமி வேறு என்று நீங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. சோறு போடுகிற மிசின், அதற்கு ஒரு நாள் மரியாதை செய்ய வேண்டாமா என்பீர்கள்.

மில்லில் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி சேலை கொடுத்தார்கள். மாம்பழ நிறம், பச்சைக் கரை, வழவழ என்று வழுக்குகிற துணி. அதைத்தான் கட்டிக்கொண்டு வர வேண்டும், போட்டோ எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் வழக்கம்போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றீர்கள். மேனேஜர்தான், "மேரியம்மா, முந்தானைய எடுத்து விடுங்க, கரை தெரியட்டும், எல்லாரும் எடுத்து விடுங்க" என்றார். எல்லாரும் எடுத்துவிட்டோம். போட்டோ எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வழக்கம். பூஜை முடிந்ததும் நல்ல நேரத்துக்குள் மிசினை ஒரு சுற்று ஓடவிட வேண்டும். ஓடுகிற மிசினில் மூத்த வேலைக்காரப் பெண் ஒருத்தி முதல் பிடி மஞ்சளைப் போட வேண்டும். அந்த வருசம் அந்த மரியாதையை உங்களுக்குத்தான் கொடுத்தார்கள். மஞ்சள் தட்டைக் கையில் கொடுத்து மிசின் பக்கத்தில் நிறுத்தியதே அவர்கள்தான். தேவையில்லாமல் போய் நின்றார் என்று இப்போது எப்படிச் சொல்கிறார்கள்?

மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆள் ஆளுக்குப் பேச்சு. நான் உங்கள் தோளை ஒட்டி நின்றேன். நீங்கள் சுவரோரம் இருந்த கூட்டைப் பார்த்தீர்கள். பிறகு சுவிட்சில் கை வைத்திருந்த மேனேஜரிடம் குனிந்து சொன்னீர்கள்.

"சார், கூடு மாட்டலையே."

"ஒரு சுத்துதான் மேரியம்மா. பெயிண்ட் காயல. நேரம் போயிரும், போடுங்க மஞ்சள."

அவ்வளவுதான் பேச்சு. மணிச் சத்தத்தில் அதைக் கேட்டது நான் ஒருத்திதான். நீங்கள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் மஞ்சள். முந்தானையைப் பிடிக்க உங்களுக்குக் கை ஏது?

அதற்கு மேல் எழுத மாட்டேன். ஸ்டெல்லா பக்கத்தில் இருக்கிறாள்.

அன்று போலீஸ்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சேலை சிக்குச்சா?" ஆமாம் என்றேன். கூடு இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. நான் தரையில் கிடந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதலாளியின் அம்மா, ஆச்சி, நம் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, "எங்க மில்லுல மூத்த பிள்ளைதான் அவ" என்று தேம்பித் தேம்பி அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை மதினி, நான் பார்த்தேன். ஆனால் அஜாக்கிரதை என்ற பதிலும் அதே வீட்டிலிருந்துதான் வந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டும் எப்படி வரும் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற வாரம் சிவகங்கைக் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். அதற்காகப் போன மாதம் மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தார். ஸ்டெல்லாவின் நர்சிங் படிப்பு முடிகிற வரைக்கும் மில்லே செலவைப் பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு மெதுவாக விசயத்துக்கு வந்தார்.

"லூர்தம்மா, நீங்க பொய் சொல்ல வேணாம். கூடு மாட்டியிருந்துச்சா இல்லையான்னு கவனிக்கலைன்னு சொன்னாப் போதும். அந்தக் கூட்டத்துல யாரு எதைக் கவனிக்க முடியும்?"

"மதினி ஒங்ககிட்ட சொன்னாகளே சார், கூடு மாட்டலைன்னு."

"மணிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா."

"கேக்காமத்தான் பதில் சொன்னீகளா?"

அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்தும் கீழே வைக்கவில்லை. அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேரத்துக்குள் மிசின் ஓடாவிட்டால் அவரையும் மேலே இருந்து ஏசியிருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு அண்ணனிடம் கேட்டேன். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே, "நீதான் கூட நின்ன. என்னைய ஏன் கேக்குற?" என்றார். ஸ்டெல்லா மட்டும் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்: "அம்மா அஜாக்கிரதையா இருந்தாங்களா அத்தை?" அவளுக்குத் தெரியாதது இல்லை. கோர்ட்டில் நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதைத்தான் அவள் கேட்டாள்.

பஞ்சவர்ணமும் வந்தாள், நம்மோடு மிளகாய் காம்பு கிள்ளுவாளே, அவள்தான்.

"ஏத்தா லூர்து, நீ போயிச் சொன்னா மில்லப் பூட்டிருவாகன்னு பேசிக்கிறாக. நாங்க எங்குட்டுப் போறது?"

"அப்ப சொல்லாதங்கிறியா?"

"சொல்லாதன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? அந்தக்கா எனக்குப் பேறுகாலம் பாத்தவுக. நாங்க என்ன ஆவோம்னுதான் கேக்க வந்தேன்" என்று மூக்கைச் சிந்தினாள். காப்பி குடித்துவிட்டு அவளே இந்த வருசப் பூஜையையும் சொன்னாள். இந்த முறை கூட்டைக் கழற்றவே இல்லையாம். மாட்டியபடியே துடைத்து, அதன் மேலேயே பொட்டு வைத்தார்களாம். யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று கயிறு கட்டி, கோட்டு கொடுத்து, எல்லாம் ஆகி முடிப்பதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டதாம்.

"தாண்டுனா என்ன? மிசின் பாட்டுக்கு ஓடுது. அதுக்குப் பஞ்சாங்கமா தெரியும்?" என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதினி, எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. இந்த வருசம் முடிந்தது போன வருசம் ஏன் முடியவில்லை? அந்தக் கூட்டை எடுத்து மாட்ட எவ்வளவு நேரம் ஆகும், ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகுமா? பெயிண்ட் கையில் ஒட்டும், அவ்வளவுதானே?

எல்லாருமாகச் சேர்ந்து செய்ததுதான் என்று மில்லில் பேசிக்கொள்கிறார்கள். யோசித்தால் அது நிஜம் போலவும் இருக்கிறது. கழுவியது நான், பொட்டு வைத்தது நீங்கள், கழற்றியது யாரோ, நேரம் குறித்தது முதலாளி வீடு. ஆனால் எல்லார் கையும் பட்டது என்பதால் யாருடைய பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுமா? எங்கள் கை கழுவுகிற கை. "நிறுத்து" என்று சொன்னால் மிசின் நிற்கிற வாய் எங்களுக்கு இல்லை. அந்த வாய் யாருக்கு இருந்ததோ அவர்கள்தானே பதில் சொல்ல வேண்டும்? வாயில்லாத நீங்களாவது கேட்டீர்கள். ஒரு தரம் கேட்டீர்கள். இன்னொரு தரம் கேட்டிருந்தால் முதல் பிடி மஞ்சள் போட வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். அடுத்த மாதம் வேலைக்கும் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மில்லு மூட வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. மேனேஜர் ஜெயிலுக்குப் போவதைப் பார்க்கவும் ஆசையில்லை. மில்லுக்கு நான் போவதில்லை, இப்போது பழைய பெரிய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே துணி துவைக்கிற வேலைக்குப் போகிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன பேச்சு என் காதில் மட்டும்தான் இருக்கிறது. நான் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நீங்கள் அதைச் சொன்னதே இல்லை என்று ஆகிவிடும். பிறகு உங்கள் பெயரோடு அஜாக்கிரதை மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டெல்லா நர்ஸாகி யாருக்கோ ஊசி போடும்போதும் அது அவள் கூடவே நிற்கும். மில்லுக் காசில் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவளே சொல்லிவிட்டாள்.

நேற்று கல்லறையிலிருந்து வந்ததும் பெட்டியின் அடியிலிருந்து அந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்தேன். மற்றவர்களெல்லாம் அதைக் கண்ணில் படாமல் எங்கேயோ போட்டுவிட்டார்கள். ஒருத்தி எரித்தே விட்டாள். எனக்கு மனசு வரவில்லை. எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

இன்று காலை வெயிலில் உதறிப் போட்டேன். ஸ்டெல்லா தேய்த்துத் தந்தாள். கட்டிப் பார்த்தபோது அவளே ஊக்கு எடுத்துவந்து முந்தானையை மடித்துக் குத்த வந்தாள், உங்களைப் போலவே. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கோர்ட்டுக்கு இந்தச் சேலையில்தான் போவேன் மதினி. இதைக் கட்டச் சொன்னது யார், உங்கள் கையில் தட்டைக் கொடுத்தது யார் என்று சொல்வேன். நீங்கள் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். அன்று போட்டோவுக்கு அவர்கள் சொன்ன மாதிரியே, கரை தெரிய, முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டுதான் நிற்பேன். எல்லாரும் பார்க்கட்டும்.

அன்று காலையும் கேஸை அணைத்தோமா என்று ஒரு தரம் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

உங்களோடு பாதிச் சண்டையை மிச்சம் வைத்திருக்கும்
உங்கள் நாத்தனார்,
லூர்து