ஒரு ஊசிகூட வெளியே போகாது

1996 ஏப்ரல் 9

பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. ஒரு குட்டி டெம்போவில் கட்டில், பாத்திரம், கடைசியாக ஒரு பெரிய தராசு. தராசைக் கண்டதுமே மதில் பக்கம் போய் விசாரித்தேன். கேட்டால் ஆக்கர் வியாபாரமாம்! பழைய பேப்பர், பழைய இரும்பு, குப்பி, தகரம். இந்தக் கொல்லயில் ஊரில் இத்தனை வீடு இருக்க, என் மதிலை ஒட்டித்தானா ஆக்கர்காரன் குடியேற வேண்டும்?

சாயங்காலம் அந்தப் பெண் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். பெயர் ரத்னபாய். புருஷன் சோமன். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் அருமனைதான் சொந்த ஊர். என் வராந்தாவை ஒரு சுற்றுப் பார்த்தாள். பத்திரிகைக் கட்டு, குப்பி, குடைக்கம்பி, கால் உடைந்த நாற்காலி ஏழு. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பார்!

"இதெல்லாம் குடுக்கியதுக்கு உள்ளதா மாமா?"

"இல்ல. வச்சிருக்கியதுக்கு உள்ளதாக்கும்" என்றேன். தலை இறங்கிவிட்டது.

ஏப்ரல் 11

ஒரு தட்டில் பலாச்சக்கை அவித்துக் கொடுத்தனுப்பினாள். தின்றேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த வீட்டை விட்டு ஒரு ஊசிகூட வெளியே போகாது என்று சொன்னால், அதில் தட்டும் சேர்த்திதான்.

ஏப்ரல் 15

விஷுப் பாயசம். ஒரு கிண்ணம். அதுவும் இங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் 24

தட்டும் கிண்ணமுமாக ஐந்து ஆகிவிட்டது. இன்றைக்கு வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். "இனி எனக்க வீட்டுல தட்டு இல்ல மாமா" என்றாள். சிரித்தாளா, குத்திக் காட்டினாளா, தெரியவில்லை.

இலையைக் கழுவி வைத்தேன்.

மே 5

சுந்தரன் வந்தான். என் மனைவி கார்த்தியாயினியின் தம்பி. நெய்யாற்றின்கரையில் மாடி வீடு, வாசலில் கார். உள்ளே வர வழியில்லாமல் நடையில் நின்றே பேசினான்.

"அத்தான், அக்காக்க ஆண்டுத் திதி வருது. அதுக்கு முன்ன இத எல்லாம் ஒழிச்சாகணும். பின்ன நீங்க எனக்கக்கூட வந்து இருக்கணும். எலியும் பாம்புமா கிடக்குது இங்க."

நீயா சொல்கிறாய்? நீயா?

போன கர்க்கடக மாதம், அவள் செத்துப் பதினாறாம் நாள். நான் கன்னியாகுமரிக் கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து இறங்குகிறேன், வீட்டுக்குப் பின்னால் புகை. செத்தவர் படுத்த பாயையும் தலையணையையும் எரிப்பது வழக்கம்தான், எனக்கும் தெரியும். இவனோ அவள் சேலை அத்தனையும் எரித்தான். செருப்பு, சீப்பு, மூக்குக்கண்ணாடி, அவள் பாதி பின்னி வைத்திருந்த ஓலைக்கூடை. நாலு ஆளை வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான். "கண்ணுல பட்டா உங்களுக்கு வெப்ராளம் வரும்லியா அத்தான்" என்றான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? அன்றைக்குத் தீர்மானித்தேன். இனி இந்த வாசலைத் தாண்டி எதுவும் போகாது. வரும், போகாது.

தப்பியது ஒன்றே ஒன்றுதான். அடுக்களை அலமாரிக்குப் பின்னால் இருந்த பெரிய பிஸ்கட் டின். உதியன்குளங்கரைக் கடைக்கு நான் போகும்போதெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் சாமான் எழுதித் தருவாள். வந்ததும் சீட்டைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றாகச் சரி பார்த்து, டின்னில் போடுவாள். இருபத்தாறு வருடத்துச் சீட்டு. பாதி தமிழ், பாதி மலையாளம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் அந்த டின் மட்டும்தான்.

சுந்தரனிடம் சொன்னேன்: "நான் செத்த பிறகு ஒழி. அப்ப நீ யாரிட்டயும் கேக்கண்டாம்."

மே 20

சோமனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது! மலையாளப் பேச்சைக் கேட்டால் தமிழன் என்று ஒருத்தன் சொல்லமாட்டான். எழுத்து என்றால் தமிழ் மட்டும். குன்னத்துகாலில் ஒரு வீட்டில் வாங்கிய பேப்பர்க் கட்டுக்குள் கிடந்ததாம், ஒரு காகிதத்தை மதில் வழியாக நீட்டினான்.

"சீலு அடிச்சிருக்குது மாமா. கட்டுல சேக்கலாமா, வேண்டாமா?"

முப்பத்தொரு வருடம் நிலப்பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. "எலே, இது ஒருத்தனுக்க வீடும் பதினொண்ணு சென்ட் பறம்புமாக்கும். கட்டுல சேத்தா அவன் குடும்பத்தோட ரோட்டுல நிப்பான்" என்றேன். சோறு விளம்பி வைத்திருந்தாள் ரத்னபாய். சோமன் அதற்கு உட்காரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்னத்துகாலுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

ஆள் மோசமில்லை. ஆனாலும் ஆக்கர்காரன் ஆக்கர்காரன்தான்.

ஜூன் 7

மூன்று நாளாக மழை. ஓடு நழுவி அடுக்களையில் ஒழுகுகிறது. டின்னுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. சீட்டெல்லாம் ஓரம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. எடுத்து விரித்துப் போட இந்த வீட்டில் ஒரு முழம் இடம் இல்லை. யாரைத் திட்டுவது?

ஜூன் 9

பத்து மணிக்கு வெயில் வந்தது. சீட்டுகளை ஒரு சாக்கில் போட்டு, வாயை நன்றாக விரித்து மதில்மேல் வைத்தேன். அங்கேதான் வெயில் விழும். ஓடு மாற்ற ஆள் சொல்ல முக்குவரை போனேன். அரை மணி நேரம்தான்—

சாக்கு இல்ல. மதில் இருக்குது, சாக்கு இல்ல. சோமனுக்க டெம்போவும் இல்ல.

கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று ஓர்மை இல்லை. ரத்னபாய் ஓடி வந்தாள். "மதிலுமேல வச்சா எடுக்கச் சொன்னதுன்னுதானே மாமா எல்லா வீட்டுலயும்… நாந்தான் எடுத்து வண்டியில போட்டேன். பேப்பர்தானேன்னு…"

பேப்பர்தானே! பேப்பரா அது? எனக்க கார்த்தியாயினியாக்கும் அது. கொண்டு போய்ட்டானே. ஒருத்தன் எரிச்சான், ஒருத்தன் தூக்கி வித்துட்டான். நான் இருந்து என்னத்துக்கு? காவல் காக்கத் தெரியாத சவம் நான்.

ஜூன் 10

சாப்பிடவில்லை.

இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் சோமன் எடுப்பதற்கான சாமானை மதில்மேல்தான் வைக்கிறார்கள். இரண்டு மாதமாகத் தினமும் பார்த்தவன்தான் நான். இதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர்களிடம் சொல்லப்போவதில்லை.

ஜூன் 11

நேற்றுக் காலை முதல் புருஷனும் பெண்டாட்டியும் சோமன் சரக்கு போடும் களியக்காவிளைக் கிட்டங்கியில் கிடந்து தேடியிருக்கிறார்கள். கிட்டங்கி ஆட்கள் சாக்கைக் கவிழ்த்துப் பெரிய குவியலில் தட்டிவிட்டார்களாம். பாதிக் குவியல் அன்றைக்கே மில்லுக்கு லாரி ஏறிவிட்டது. மீதியை அப்படியே வாரி டெம்போவில் கொண்டுவந்து அவர்கள் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கொட்டியிருக்கிறார்கள். ரத்னபாய் தலைமுடி முழுக்கத் தூசி. என் நடையில் வந்து நின்றாள்.

"மாமா, அத்தைக்க எழுத்து எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதே. ஒரு துண்டு காட்டுங்க, நான் பாத்து எடுக்கிறேன்."

காட்ட என்னிடம் ஒரு துண்டு இல்லை. எல்லாம்தான் சாக்கோடு போய்விட்டதே. செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனேன். பத்து மாதத்தில் இன்னொருத்தர் வீட்டுப் படி ஏறியது இன்றைக்குத்தான்.

ஜூன் 15

நாலு நாள். காலையிலிருந்து இருட்டும்வரை அந்தக் குவியலில். ஊரில் யார் யாரோ எறிந்த காகிதம். பரீட்சைப் பேப்பர், கல்யாணக் கடிதம், மருந்துச் சீட்டு. சோமன் வியாபாரத்துக்கே போகவில்லை.

நாற்பத்தொரு சீட்டு கிடைத்தது. ஆயிரக்கணக்கில் இருந்ததில் நாற்பத்தொன்று.

"உப்பு 2. கருவாடு மணத்துப் பார்த்து வாங்கணும். போன தடவை வாங்கினதைப் பூனை தின்னவில்லை."

கடைசிச் சீட்டு ரத்னபாய் கையில்தான் அகப்பட்டது. தமிழில் இருந்ததால் உரக்க வாசித்தாள். "விளக்குத் திரி. பப்படம். மழை வந்தால் கடையிலேயே நில்லுங்கள், நனைந்துகொண்டு ஓடி வரவேண்டாம்…" அதோடு நிறுத்திவிட்டாள். நான் அழுதேன். கார்த்தியாயினி சாகும்போது அழாதவன், ஆக்கர் முற்றத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். வெட்கமாக இல்லை. இருந்தால்தான் என்ன?

எழுந்து வரும்போது சோமனிடம் சொன்னேன், "நீங்க செஞ்சத நான் பொறுக்கமாட்டேன், தெரியுமா?"

"பொறுக்கச் சொல்லல்ல மாமா. நாளைக்கு ஒரு லோடு மலையாளப் பேப்பர் உண்டு. கட்டுறதுக்கு முன்ன நீங்க ஒண்ணு பாத்துத் தந்தா நல்லது."

பார்க்கமாட்டேன் என்றேன்.

ஜூன் 16

போனேன்.

ஜூலை 2

தினமும் நாலு மணிக்குப் போகிறேன். இதுவரை ஒரு பத்திரம், இரண்டு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஒரு ஜாதகம் பிடித்துக் கொடுத்தேன். எறிகிறவர்களுக்குக் கண் என்ன பிடரியிலா இருக்கிறது? வரும்போது ஒரு பித்தளைப் பூட்டைக் கையோடு கொண்டுவந்தேன். சாவி இல்லை. ரத்னபாய் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஜூலை 3

அவளுடைய ஐந்து பாத்திரத்தையும் கொடுத்துவிட்டேன். பூட்டுக்குப் பதில் என்று சொன்னேன். இல்லாவிட்டால் நான் இளகிவிட்டதாக நினைத்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் 4

சுந்தரன் மறுபடியும். இந்தத் தடவை என்னிடம் பேசவில்லை, நேரே சோமனைக் கூப்பிட்டான். நான் வராந்தாவில் நிற்க, என் முகத்துக்கு முன்னாலேயே!

"நீ ஆக்கர்காரன்தானே? இந்த வீட்ட முழுசா ஒழிச்சுத் தரணும். ரெண்டு லாரி நிறையும். எனக்கு ஒண்ணும் தரண்டாம், எல்லாம் நீயே எடுத்துக்கோ."

நான் கணக்குப் போட்டேன். இரண்டு லாரி. மழைக்காலம் வந்ததிலிருந்து சோமனுக்கு வியாபாரம் பாதிகூட இல்லை. அவனுக்கு இது மூன்று மாதத்துச் சோறு. அவன் மதில் பக்கம் வந்தான். பத்திரிகைக் கட்டுகளை, குப்பிகளை, கால் உடைந்த நாற்காலிகளை நிதானமாகப் பார்த்தான்.

"இதுல ஆக்கர் ஒண்ணும் இல்ல சாரே."

"பின்ன இதெல்லாம் என்னவாம்?"

"மாமாக்க வீட்டுச் சாமானாக்கும். உடமைக்காரன் தராம ஒரு ஆணி நான் எடுக்கியது இல்ல. ஒருக்கா எடுத்து அனுபவிச்சாச்சு."

சுந்தரன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் உள்ளே வந்து, நிற்க இடமிருந்த இடத்தில் நின்றேன். என் பக்கம் ஒருத்தன் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

ஆகஸ்ட் 6

ஆண்டு இங்கேதான். சுந்தரன் வீட்டில் நடத்தப்போவதில்லை. அவளுக்கு விளக்கின் முன்னால் ஓர் இலை. எனக்கு ஒன்று, சோமனுக்கும் ரத்னபாய்க்கும் இரண்டு. நாலு இலை விரிக்க நடு அறையில் இடம் வேண்டும். அளந்து பார்த்தேன். பத்திரிகைக் கட்டுகள் போகாமல் நடக்காது.

போகாமல் நடக்காது. அடித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8

சோமனிடம் நிபந்தனை சொன்னேன்: ஒவ்வொரு தாளையும் நான் புரட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே போக வேண்டும். "பைய பாருங்க மாமா" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஐந்தாவது கட்டு வாசல் தாண்டும்போது குறுக்கே போய் நின்றேன். "நிறுத்துலே!" என்றேன். நிறுத்தினான். கட்டை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். ரத்னபாய் கட்டன்காப்பி கொண்டு வந்தாள். குடித்தோம்.

"ம், எடு" என்றேன்.

ஆகஸ்ட் 10

காலையில் ஆற்றங்கரையில் அவளுக்குப் பிண்டம் வைத்துப் பலி போட்டேன். சமையல் பாதி நான், பாதி ரத்னபாய். எல்லாவற்றையும் முதலிலேயே விளம்பிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். இலையில் கை வைக்கும்போது கார் சத்தம். சுந்தரன். கூப்பிடாமலே வந்திருக்கிறான். நடு அறையை எட்டிப் பார்த்தான். நாலு இலைக்கு மேல் ஒரு சாண் இடம் இல்லை.

"ரெண்டாம் பந்திக்கு நில்லு" என்றேன்.

நின்றான். வராந்தாவில், குப்பிகளுக்கு நடுவில், வெள்ளை வேட்டியோடு. நாங்கள் பாயசம்வரை நிதானமாகச் சாப்பிட்டோம். சோமன்தான் நெளிந்துகொண்டிருந்தான், நான் நெளியவில்லை. பிறகு சுந்தரனை உட்காரவைத்து நானே விளம்பினேன். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் இல்லை. அவளுடைய ஆண்டுக்கு அவள் தம்பி பசியோடு போகக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11

நேற்று இலை போட்ட இடத்தில் இன்றைக்கு எதையாவது வைத்துவிடுவேன் என்று எனக்கே பயம். ஒரு தகர டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன், உண்மைதான். சிவப்புத் தரை சுத்தமாகக் கிடந்தது. டப்பாவை வராந்தாவிலேயே வைத்தேன். மீதி அறைகளை யாராவது தொடட்டும், அப்போது பார்க்கிறேன் அவர்களை.

ஒரு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். கட்டில்மேல் சாமான், தரையிலும் சாமான். மத்தியானம் அந்தத் தரையில் பாயை விரித்துக் காலை நீட்டினேன். முதுகு நிமிர்ந்தபோது வலியில் உயிர் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கதவு தட்டும் சத்தத்தில்தான் விழித்தேன். மணி ஐந்தரை. "மாமா, நாலு மணிக்கு வரல்லியே, சுகமில்லியா? ஒரு லோடு பிரிக்காம கிடக்குது" என்று வெளியே ரத்னபாயின் குரல்.

"உறங்கிப் போனேன் மக்கா" என்றேன். "வாறேன்."