கடைசி ஆட்டத்துக்கு எதிரே ஒரு கோடு

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து சொல்ல வேண்டிய சலாம் இது. நம்ம பக்கத்துப் பெண்கள் அங்கே வருவதில்லையே, அதனால் உங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து இங்கிருந்தே சொல்கிறேன். மாமி மகனைக் கலியாணம் முடித்தவள் நான். நிக்காஹ் ஆன பிறகும் மச்சான் என்றே கூப்பிட்டேன். இப்போது மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது?

உங்களுக்காக வீட்டோடு இருந்த இத்தா நாட்கள் முடிந்துவிட்டன. இனி வெளியே போகலாம் என்கிறார்கள். எங்கே போவதென்று யாரும் சொல்லவில்லை. ஆணி, பூட்டு விற்கிற நம் கடையை இப்போது உங்கள் தம்பி ரிஸ்விதான் திறக்கிறார். கிரிக்கெட் பேச ஆளில்லாமல் உங்கள் கூட்டாளிமார் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறார்களாம்.

உங்கள் ஆளைப் பற்றித்தான் எழுத வந்தேன். அந்தச் சென்னைக்காரர், இந்தியாவின் அந்தக் காலத்து ஆட்டக்காரர். அவர் ஆடிய ஆட்டங்களையெல்லாம் தேடிப் பிடித்து அட்டவணையில் ஏற்றினீர்கள். கொழும்புக்குப் பஸ் ஏறிப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, தும்மிக்கொண்டே திரும்பி வருவீர்கள். "ஒரு சக்களத்தி இருந்திருந்தாக்கூட நேரத்தோட வீட்டுக்கு வந்திருப்பீங்க" என்று நான் கத்துவேன். அதற்கும் சிரிப்புத்தான்.

ஒரே ஓர் இடம்தான் காலி. அவருடைய கடைசி ஆட்டம். இங்கே மாத்தளையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரோடு ஆடியது. ஆட்டம் நடந்ததென்று பத்திரிகையில் ஒரு வரி இருந்தது. அவர் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று இல்லை. ஊருக்குத் திரும்பியவர் நோயில் விழுந்தார், பிறகு மட்டையைத் தொடவேயில்லை.

சோறு ஆறிப்போகிற ஆத்திரத்தில் ஒருநாள், "ஒரு சைபரப் போட்டுட்டு எழும்பி வாங்களே" என்றேன். என்ன கோபம் வந்தது உங்களுக்கு! "சைபர் போட்டா மனிசன் ஒண்ணுமே அடிக்காம அவுட்டாகிட்டாருன்னு அர்த்தம் புள்ள. அது பொய். தெரியாட்டி ஒரு கோடு போடணும்." சொல்லிவிட்டு, ஆறின சோற்றையே சாப்பிட்டீர்கள்.

நான் இத்தாவில் இருக்கும்போது உங்கள் போன் அடித்தது. அவருடைய மகள், சென்னையிலிருந்து. "சார் இருக்காருங்களா? அப்பாவோட கடைசி மேட்ச் பத்தி ஏதாவது கெடச்சுதான்னு கேக்கலாம்னு..." உங்கள் மௌத்தை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். பிறகு, "அப்பா ஆடி நான் பார்த்ததே இல்லம்மா. அந்த ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருந்தேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டபிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

அந்த ஆட்டத்தைப் பார்த்த ஹாஜியார் ஒருவர் யட்டவத்தயில் இருக்கிறார், போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களே. போகவில்லை; ஆஸ்பத்திரிக்குத்தான் போனீர்கள். போன வாரம் ரிஸ்வியின் வேனில் நான் போனேன்.

ஹாஜியாருக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. காது மந்தம், கண்ணில் மட்டும் வெளிச்சம். "பார்த்தேன் மகள், வாப்பாட தோள்ல இருந்து பார்த்தேன். ஒரு பந்த தூக்கி அடிச்சாரு. கமுகந்தோப்புக்குள்ள போயிட்டு. தேடித் தேடி எடுத்தாங்க. பொறகு மழ."

"எத்தன ஓட்டம் எடுத்தாரு?"

"அது தெரியா மகள்." என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "அம்பதுன்னு போடுங்களே. மௌத்தான மனிசனுக்குக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா ஆருக்கு என்ன நட்டம்? அந்தப் புள்ளயும் சந்தோசப்படும்."

"சரிதானே மதினி" என்றார் ரிஸ்வியும். மச்சான், அல்லாஹ்மேல் சத்தியமாக எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஐம்பது என்று சொன்னால் அந்த அம்மா எப்படி அழுவார், சந்தோஷத்தில்!

திரும்பி வரும்போது, இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை ரிஸ்வியிடம் கேட்டேன். நீங்கள் கடைசி மூச்சில் 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்று கலிமா சொன்ன நாவோடுதான் போனீர்கள் என்று ஜனாஸா வீட்டில் எல்லோரிடமும் சொன்னவர் அவர்தான். எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் ஏது? ஆனால் உங்கள் உயிர் பிரிந்த நேரத்தில் கட்டிலருகே நானும் இல்லை, அவரும் இல்லை. "தம்பி, உங்கட நானா, என்ட மச்சான், கலிமா சொன்னத ஆரு கேட்டது?"

வேனை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். "ஆரும் கேக்கல்ல மதினி. உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன்." நான் அவரை ஏசவில்லை. என்னத்தைச் சொல்லி ஏச? எனக்கு ஐம்பது ஓட்டம் கூட்டிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

வீடு வந்ததும் சென்னைக்குப் பேசினேன். "எத்தனை ஓட்டம்னு தெரியலம்மா. இனித் தெரியவும் வராது. ஒரு பந்த கமுகந்தோப்புக்குள்ள அடிச்சாராம், தேடித்தான் எடுத்தாங்களாம். அதுமட்டும் ஒருத்தர் கண்ணால பார்த்தது."

"தேடினாங்களாமா?" என்றார் அந்த அம்மா. "ஆமாம்மா." "ரொம்ப நேரமா?" சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் புரியவில்லை. "இது போதும்மா" என்று வைத்துவிட்டார்.

உங்கள் அட்டவணையைத் திறந்து, கடைசி ஆட்டத்துக்கு எதிரே கோடு போட்டுவிட்டேன். சரியாகத்தான் போட்டிருக்கிறேனா என்று பார்க்க நீங்கள் இல்லை.

மச்சான், உங்களுக்கும் அப்படித்தான். கடைசியில் கலிமா சொன்னீர்களா, என்னைத் தேடினீர்களா, வலித்ததா? எனக்குத் தெரியாது. அது அல்லாஹ்வுக்குத் தெரியும். இனி யார் கேட்டாலும் தெரியாது என்றே சொல்வேன், அதில் நானாக எதையும் எழுத மாட்டேன். ஒவ்வொரு தொழுகையிலும் கேட்பேன், உங்கள் நாவில் கலிமா இருந்திருக்க வேண்டுமென்று.

என் காதால் கேட்டதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வார்டில் என் கையைத் தட்டிச் சொன்னீர்கள்: "காலையிலிருந்து ஒண்ணும் குடிக்கலயே புள்ள. போய் கேன்டீன்ல ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வா. நான் எங்க போகப் போறேன்."

குடித்துவிட்டுத்தான் வந்தேன் மச்சான்.

உங்கள் மாமா மகள்,
உங்கள் மனைவி,
நஸீரா