ஸ்லோ கெட்டிலின் பேஸ்காரனுக்கு

அச்சகத்திலிருந்து உன் கல்வெட்டின் முதல் படி வந்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தைத் திறந்ததும் மை வாசம் மூக்கில் அடித்தது. அட்டையில் நீ கோட்டும் டையும் போட்டபடி நிற்கிறாய். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் டை கட்டாத மனிதன்! அச்சகக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுவிட்ட கோட்டு அது. அவரைக் குறை சொல்ல முடியாது, எங்கள் சனத்தின் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அச்சகங்களில் இதைத்தான் செய்வார்கள். கழுத்தோரம் மட்டும் சரியாக வெட்டவில்லை. இடது தோளில் பேஸ் கிட்டாரின் வார் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிறது.

உள்ளே இருக்கும் வாழ்க்கை வரலாறு என் பொறுப்பு. உன் மனைவி சுகந்திதான் கேட்டாள். "நீங்கள்தானே அண்ணை அவரோடை ஆரம்பத்திலையிருந்து நிண்டனீங்கள். அந்த அயர்லாந்துப் பெடியங்களின்ரை கதையையும் எழுதுங்கோ. அவர் அதைத்தானே வாய் ஓயாமல் கதைச்சவர்." ஓம் என்றேன். மூன்று பக்கம் தடையில்லாமல் எழுதினேன். பிறகு ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் குழுவின் ஆயுள் பதினொரு மாதம். பேர்ண் நகரில் நாம் இருவரும் வேலை செய்த உணவகத்துக்கு, அயர்லாந்தின் கோர்க் பக்கத்திலிருந்து டெக்லன், கோனர் என்று இரண்டு சகோதரர்கள் வந்து சேர்ந்தார்கள். மூத்தவன் கிட்டார், பாட்டு. இளையவன் டிரம்ஸ். ப்ளூஸ் ராக் என்றார்கள். எனக்கு அது வயிற்றுக்குத்து வந்தவன் முனகுகிற மாதிரித்தான் கேட்டது. நீயோ பாத்திரம் கழுவிய ஈரக்கையைத் துடைக்காமலே போய், "பேஸ் ஆர் அடிக்கிறது?" என்று கேட்டாய். ஆருமில்லை என்றார்கள். ஊரில் கோயில் திருவிழா மேடைகளில் இசைக்குழுவோடு பேஸ் அடித்தவன் நீ. அந்தக் கிழமையே யாரிடமோ ஒரு பழைய கிட்டாரை வாங்கி வந்துவிட்டாய்.

திங்கட்கிழமை உணவகத்துக்கு ஓய்வு. பிற்பகலில் பூம்ப்ளிஸில் அவர்கள் இருந்த கட்டடத்தின் நிலவறையில் பயிற்சி. யுத்தம் வந்தால் ஒளிவதற்கென்று இந்த நாட்டுக்காரர் கட்டிவைத்த, தடித்த கொங்கிரீட் கதவுள்ள அறை. நாம் அகதியாக வந்த புதிதில் இதே மாதிரி ஒன்றில்தான் மூன்று மாதம் படுத்தோம். முதல் நாள் வாசலில் நின்று, "திரும்பவும் இதுக்குள்ளையோ?" என்று நீ சிரித்தாய். உள்ளே ஒரு மின்சாரக் கேத்தல் இருந்தது. அது கொதிப்பதற்குள் இரண்டு பாட்டு முடிந்துவிடும். குழுவுக்கு 'ஸ்லோ கெட்டில்' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

ஐரிஷ் மதுக்கடை ஒன்றில் மாதம் ஒருமுறை வாசித்தீர்கள். பக்கத்து ஊர்க் கொண்டாட்டங்கள் சிலவற்றுக்கும் போனீர்கள். பாடன் நகரில் நம்மவர் ஒருவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று கூப்பிட்டார்கள், ஞாபகமோ? மூன்றாவது பாட்டிலேயே தகப்பன் என்னிடம் வந்து, "தம்பி, நல்லாத்தான் இருக்கு, ஆனால் சாப்பாடு ஆறுது, அவையை முடிக்கச் சொல்லுங்கோ" என்றார். டெக்லனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து, மேடையிலிருந்து இறங்கி மட்டன் ரோல்ஸ் எட்டு சாப்பிட்டான். சாமான் தூக்குகிறவனும் மொழிபெயர்க்கிறவனும் நான்தான். இசையில் எனக்குப் பங்கில்லை. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, நீ அடிக்கும்போது அந்த முனகலுக்கு ஒரு முதுகெலும்பு இருந்தது.

குழு தொடங்கிய ஏழாம் மாதம் கோர்க்கிலிருந்து கடிதம் வந்தது. ஒரு ஒலிப்பதிவுக் கூடம் பத்து நாள் இடம் கொடுக்கிறது, ஐந்து பாட்டு, ஒரு இசைத்தட்டு. உன் கையில் இருந்ததோ அகதிகளுக்கான தற்காலிக 'N' அனுமதி அட்டை. அகதி வழக்கு முடியாதவன் இந்த நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டுமென்றால் தனியாக விசா கேட்க வேண்டும். ஜெர்மன் எனக்குத்தான் ஓரளவு வரும். நான் விண்ணப்பம் எழுதினேன், நீ கையெழுத்துப் போட்டாய், வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

போடவில்லை.

இரண்டு கிழமை கழித்து, "இல்லையாம் மச்சான்" என்றேன்.

"கடிதம் எங்கை?"

"போனிலை சொன்னவங்கள். என்ரை நம்பரைத்தானே குடுத்தனான்."

நீ அந்த விசா அலுவலகத்தின் அப்பன் ஆத்தையெல்லாம் இழுத்துத் திட்டினாய். நானும் சேர்ந்து திட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மீதே அருவருப்பாக இருக்கிறது.

காரணம் கேட்டால் இரண்டு சொல்வேன். சுகந்தி கொழும்பில் ஒரு லாட்ஜில் உனக்காகக் காத்திருந்தாள். வழக்கு வென்றால்தான் அவளைக் கூப்பிட முடியும். உயிருக்குப் பயந்து வந்தவன் அயர்லாந்தில் போய்ப் பாட்டு அடிக்கிறானோ என்று அதிகாரி கேட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்தேன். இது வெளியே சொல்லக்கூடிய காரணம். மற்றது, போனால் நீ அவர்களோடு அங்கேயே நின்றுவிடுவாய், நான் அந்தச் சமையலறையில் தனியாகக் கிடப்பேன் என்ற பயம். எது பெரிய காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர்கள் வேறொருவனை வைத்துப் பதிவு செய்தார்கள். தட்டு வெளிவந்த சில கிழமைகளில் சகோதரர் இருவரும் சண்டை பிடித்து, இளையவன் அவுஸ்திரேலியாவுக்குக் கூரை வேலைக்குப் போனான். ஸ்லோ கெட்டிலின் கதை அதோடு முடிந்தது. டெக்லன் உனக்கு ஒரு தட்டு அனுப்பினான். என் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை கேட்டாய். "பேஸ் சரியில்லையடா. அவன் பாட்டைத் துரத்துறான். நான் எண்டால் கொஞ்சம் பின்னுக்கு நிண்டிருப்பன்." அவ்வளவுதான் சொன்னாய். இரண்டு வருடத்தில் வழக்கு வென்றது, சுகந்தி வந்தாள், பிள்ளைகள் பிறந்தார்கள். அனுப்பியிருந்தாலும் மறுத்திருப்பார்கள் என்று முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். மறுப்பதற்குக்கூட அவர்களுக்கு நான் ஒன்றும் அனுப்பவில்லை.

கல்வெட்டில் முதலில் 'விசா மறுக்கப்பட்டதால் அந்த ஒலிப்பதிவில் பங்குபற்ற இயலவில்லை' என்று எழுதியிருந்தேன். அச்சில் பார்த்தபோது கை கூசியது. வெட்டிவிட்டு, 'நண்பர் ஒருவர் விண்ணப்பத்தை அனுப்பாமல் விட்டதால்' என்று பேனையால் எழுதி, நேற்றுப் பிற்பகல் சுகந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குசினி மேசையில் வைத்து வாசித்தாள். அந்த வரியில் விரல் நின்றது.

"ஆர் அண்ணை இந்த நண்பர்?"

"நான்தான்."

அவள் அழுவாள், அல்லது வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"சாகிற கிழமையும் அந்த ஒஃபிஸைத் திட்டினவர், அண்ணை."

"தெரியும். பக்கத்திலை நான்தானே இருந்தனான்."

"அவர் அங்கை போகாததாலையோ கேஸ் வெண்டு நான் வந்து சேர்ந்தது?"

"தெரியேல்லை தங்கச்சி. சத்தியமாத் தெரியேல்லை."

பேனையை என் பக்கம் தள்ளினாள். "கல்வெட்டிலை பேரில்லாமல் ஆரையும் போடுறேல்லை. உங்கடை பேரை எழுதுங்கோ."

எழுதினேன். அப்பன் பெயரின் முதல் எழுத்தோடு, ஊர்ப் பெயரோடு, முழுதாக. இன்று காலை அச்சகத்துக்குக் கொடுத்தாயிற்று, நூற்றைம்பது படி. ஞாயிற்றுக்கிழமை நம் சனம் முழுவதும் வாசிக்கும், சிலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். பரவாயில்லை, அதைத் தாங்குவேன். முப்பது வருடமாகக் கிழமைக்கு இரண்டு நாள் எனக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்த உனக்கு மட்டும் சொல்லவில்லையே மச்சான், அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.